லோக்கலில் செய்த தளத்தை லைவுக்கு ஏற்றும் முன்

வேர்ட்பிரஸ் தளத்தை லோக்கலில், அதாவது தங்கள் கணினியிலேயே, மாற்றி அமைத்துவிட்டு, "இதை சர்வரில் ஏற்றிக் கொடுங்கள்" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, பழைய தளம் இப்போதும் ஓடுகிறதா என்பதைத்தான். ஓடுகிறது என்றால் லோக்கல் டேட்டாபேஸை அதன் மேல் ஏற்றவே கூடாது. நகல் எடுத்த பிறகு யாரோ ஆர்டர் போட்டிருப்பார், யாரோ புதுக் கணக்கு தொடங்கியிருப்பார். மேலே ஏற்றியதும் அத்தனையும் போய்விடும். பணம் கட்டியவரின் கையில் ரசீது இருக்கும், கடைக்காரரிடம் அப்படி ஓர் ஆர்டரே இருக்காது. பேக்கப் இல்லாவிட்டால் மீட்க வழியில்லை.

தீம் (தளத்தின் தோற்றம்), ப்ளகின் (கூடுதல் வசதி) கோப்புகள் லோக்கலிலிருந்து லைவுக்கு, அதாவது சர்வரில் ஓடும் தளத்துக்கு, போகட்டும். பதிவுகளும் ஆர்டர்களும் லைவிலிருந்து லோக்கலுக்கு வரட்டும். இந்தத் திசை மாறாமல் பார்த்துக்கொண்டால் பெரிய சேதங்களில் பெரும்பாலானவை நடக்காது.

ஆனால் தீம் என்பது வெறும் கோப்புகள் அல்ல. மெனு, விட்ஜெட், லோகோ, தோற்றத்தை மாற்றும் கஸ்டமைசர் பக்கத்தில் தேர்ந்தெடுத்த நிறங்கள் எல்லாம் டேட்டாபேஸில் இருக்கின்றன. தீம் போல்டரை மட்டும் காப்பி செய்தால் அவை கூடவே வராது. கஸ்டமைசர் தேர்வுகள் அந்தப் போல்டரின் பெயரிலேயே சேமிக்கப்படுவதால், பெயரை மாற்றினாலும் காணாமல் போனதுபோல் தெரியும். ஓடுகிற தளமாக இருந்தால் இவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு லைவில் கையால் அமைப்பதே நல்லது. நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

புத்தம் புதிய தளம் என்றால் டேட்டாபேஸை முழுதாக ஏற்றலாம். அப்போது முகவரி மாற்றும் வேலை வரும். டேட்டாபேஸின் நகலான எஸ்க்யூஎல் கோப்பை எடிட்டரில் திறந்து, லோக்கல்ஹோஸ்ட் என்று பழைய முகவரி இருக்கும் இடத்திலெல்லாம் புது முகவரியைப் போட்டுவிடுகிறார்கள். இதைச் செய்யாதீர்கள். பல அமைப்புகளை வேர்ட்பிரஸ் சீரியலைஸ் செய்து வைக்கிறது, அதாவது ஒவ்வொரு சரத்தோடும் (எழுத்துத் தொடரோடும்) அதன் நீளத்தையும் சேர்த்து எழுதிவைக்கிறது. முகவரி நீண்டு, நீளக் கணக்கு பழையதாகவே நின்றால், வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஹெச்பியால் அந்த அமைப்பு முழுவதையும் படிக்க முடியாது. விட்ஜெட்டுகள் காலியாகிவிடும். அந்த எண்ணைக் கையால் திருத்தலாம் என்று நினைப்பவர்களுக்கு: அது எழுத்துக் கணக்கு இல்லை, பைட் கணக்கு. 'அம்மா' நமக்கு 3 எழுத்து, எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் சர்ச்-ரீப்ளேஸ் கட்டளை நீளத்தையும் சேர்த்தே திருத்தும். முதலில் எதையும் மாற்றாத ஒத்திகையான ட்ரை-ரன் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள்.

தமிழ்த் தளங்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. புது டேட்டாபேஸ் தமிழைச் சேமிக்கக்கூடிய யூடிஎஃப்8எம்பி4 முறையில் இல்லாமல், தமிழ் எழுத்துகளுக்கு இடமில்லாத லத்தீன்1 முறையில் இருந்தால் தமிழ் வரிகள் கேள்விக்குறிகளாகிவிடலாம். அப்படிச் சேமிக்கப்பட்டதிலிருந்து தமிழை மீட்க முடியாது, மூலக் கோப்பிலிருந்து மறுபடி ஏற்றத்தான் வேண்டும். விண்டோஸில் சரியாகத் தெரிந்த படம் லினக்ஸ் சர்வரில் தெரியவில்லையா? கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்றிய அன்றே ரீடிங் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போங்கள். தேடுபொறிகள் வர வேண்டாம் என்று உருவாக்கத்தின்போது போட்ட டிக் டேட்டாபேஸோடு கூடவே வந்திருக்கும். தளம் பார்க்க நன்றாக இருப்பதால் மாதக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை, கூகுளிலும் தளம் வருவதில்லை. பொதுப் போல்டரில் விட்டுவைத்த எஸ்க்யூஎல் கோப்பை உடனே அழியுங்கள். அதன் பெயரை ஊகிக்கிற எவரும் பயனர்களின் மின்னஞ்சல்களையும் கடவுச்சொற்களின் மறைத்த வடிவமான ஹாஷ்களையும் டவுன்லோடு செய்துவிட முடியும்.