ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லையா? தைக்கிற தலையணை உறையோடு கண் காட்ட வாருங்கள்

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் கண் காட்ட வந்தால், "வீட்ல தைக்கிற பழக்கம் இருக்கா?" என்று முதலிலேயே கேட்டுவிடுவேன். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து வருகிறவர்களில் பலருக்கு இதைக் கேட்டதும் முகம் மாறும். "முந்தியெல்லாம் தலகாணி உறைக்குப் பூப்போட்டுத் தைப்பேன் மிஸ், இப்ப விட்டுட்டேன், வயசாயிருச்சுல்ல" என்பார்கள். சொல்கிறவருக்கு 43, 45 வயதுதான் இருக்கும். காலையில் மலையேறிக் கொழுந்து பறித்துவிட்டு, வீட்டு வேலை அத்தனையும் இழுத்துப் போட்டுச் செய்கிறவர், தனக்கென்று வைத்திருந்த ஒரு வேலையை மட்டும் கைவிட்டுவிட்டார் என்று கேட்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அந்த வேலையை அவர் விட்டிருக்கவே வேண்டியதில்லை.

இது வெள்ளெழுத்து, நோய் இல்லை. கண்ணுக்குள் இருக்கிற வில்லை இளம் வயதில் நெகிழ்வாக இருக்கும், கிட்டத்தில் பார்க்கும்போது தானாகவே தடித்துக்கொள்ளும். வயது ஏற ஏற அது இறுகி, 40ஐ ஒட்டி அந்த நெகிழ்வு போதாமல் போகிறது. எதிர் மலையில் யார் நடக்கிறார்கள் என்று தெரியும், கையில் இருக்கிற ஊசியின் காது தெரியாது. துணியை எட்டப் பிடித்துப் பார்ப்பது, பல்புக்கு நேர் கீழே போய் உட்காருவது, நூல் கோர்க்கப் பிள்ளையைக் கூப்பிடுவது, கொஞ்ச நேரம் தைத்ததும் நெற்றி வலிப்பது எல்லாம் இதன் அடையாளங்கள். 60 வயது வரைக்கும் கூடிக்கொண்டு போகும், அப்புறம் பெரும்பாலும் ஒரு நிலைக்கு வந்துவிடும். எழுதப் படிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்ப்பதில்லை, எல்லாருக்கும் வரும்.

தைத்துத் தைத்துத்தான் கண் கெட்டது என்று வீட்டில் திட்டுவார்கள். அது சரியில்லை, தைப்பதால் கண் களைக்கும், காயும், ஆனால் கெட்டுப்போகாது. கண்ணாடி போட ஆரம்பித்தால் கண் அதற்கே பழகிப் பலவீனமாகிவிடும் என்பதும் அதே மாதிரிதான். போட்டாலும் போடாவிட்டாலும் வில்லை இறுகத்தான் செய்யும், போடாதவர் அந்த வருஷங்களைச் சிரமத்தோடு கழிக்கிறார், அவ்வளவுதான். 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வை நான் அடிக்கடி சொல்வதுண்டு. இந்தியாவில் அசாம் தேயிலைத் தோட்டங்களில், 40 வயதும் அதற்கு மேலும் ஆன கொழுந்து பறிப்பவர்களுக்குக் கிட்டப் பார்க்கும் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள்; கண்ணாடி கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுடைய வேலைத்திறன் 20 சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தது. கொழுந்துக்கே அப்படி என்றால், அதைவிடப் பல மடங்கு நுணுக்கமான ஊசி வேலைக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயம். கண் பரிசோதனைக்கு வரும்போது நீங்கள் தைத்துக்கொண்டிருக்கிற தலையணை உறையை, பாதியில் நிற்கிறதாக இருந்தாலும் பரவாயில்லை, நூலோடும் ஊசியோடும் எடுத்து வாருங்கள். நாங்கள் கிட்டப் பார்வையைச் சோதிக்கும் அட்டையை வழக்கமாக 40 சென்டிமீட்டர் தூரத்தில் பிடிப்போம், அது வாசிக்கிற தூரம். தைக்கிறவர் அப்படிப் பிடிப்பதில்லை. உறையின் ஓரத்தை மடித்து ஓட்டுத் தையல் போடும்போது துணி மடியில் கிடக்கும், சங்கிலித் தையல், காம்புத் தையல் என்று பூவுக்குள் போகும்போது கண்ணுக்கு 30 சென்டிமீட்டர் வரைக்கும் வந்துவிடும், எண்ணி எண்ணிப் போடும் குறுக்குத் தையல் என்றால் இன்னும் கிட்ட. தூரம் குறையக் குறைய கூடுதல் பவர் வேண்டும். அட்டையை மட்டும் வைத்துக் கொடுத்த கண்ணாடி மருந்துச் சீட்டு வாசிக்கச் சரியாக இருக்கும், ஊசி வேலைக்கு அரைகுறையாக இருக்கும், அதைப் போட்டுத் தைத்துப் பார்த்துவிட்டு "கண்ணாடியும் சரிவரல்ல" என்று அலுமாரியில் வைத்துவிடுவார்கள். துணி கையில் இருந்தால் அங்கேயே நாலு தையல் போட்டுப் பார்த்து முடிவுசெய்துவிடலாம்.

சந்தையிலும் பாதையோரத்திலும் விற்கிற ரெடிமேட் கண்ணாடியைப் பற்றிக் கேட்பார்கள். அதைப் போட்டால் கண் குருடாகாது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே பவர்தான் இருக்கும், நம்மில் பலருக்கு இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இல்லை. அதைவிட முக்கியமாக, கண்ணாடி வாங்குகிற சாக்கில்தான் கண் அழுத்தத்தையும் விழித்திரையையும் யாராவது பார்ப்பார்கள். கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலியே இல்லாமல் பார்வையைத் தின்னும். கடைக்காரர் அதைச் சொல்லப்போவதில்லை.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தைக்கிறவர்களுக்கு அங்கேதான் பாதிப் பிரச்சினை. சின்ன ஜன்னல், காம்பிரா (அறை) நடுவில் உயரத்தில் ஒரே ஒரு பல்ப், அதற்குக் கீழே குனிந்தால் நம்முடைய நிழலே துணியில் விழும். 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச்சேரும் வெளிச்சம், 20 வயதுக்காரருக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பேத்தி அங்கே உட்கார்ந்து சிரமமில்லாமல் தைக்கிறாள் என்பதற்காக அம்மாயிக்கும் அது போதும் என்று நினைக்கக் கூடாது. பெரிய பல்ப் வாங்குவதைவிட விளக்கைப் பக்கத்தில் கொண்டுவருவது நல்லது, தூரத்தைப் பாதியாக்கினால் துணியில் விழும் வெளிச்சம் நாலு மடங்காகும். வலது கைக்காரருக்கு விளக்கு இடது பக்கம் இருக்கட்டும். இருக்கிறதிலேயே சிறந்தது பகல் வெளிச்சம், ஞாயிற்றுக்கிழமை மதியம் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) உட்கார்ந்து பூ வேலையை முடித்துவிடுங்கள், ஓரம் மடிப்பது, ஒன்றோடொன்று சேர்த்துத் தைப்பது மாதிரி கண்ணுக்கு வேலை குறைந்ததை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் துணியில் கடும்நீல நூலால் பூ வேலையை இரவில் தொடவே வேண்டாம். கரண்ட் போன நேரத்தில் மெழுகுதிரியை வைத்துக்கொண்டு தைக்கிறவர்களும் இருக்கிறார்கள், ஓர் உறை நாளைக்கு முடிந்தால் என்ன?

அப்புறம் குனிவது. நாள் முழுக்கக் கூடையின் பாரம் தாங்கிய கழுத்து அது. மடியில் ஒரு தலையணையை வைத்து அதன்மேல் துணியை வைத்தால் வேலை கண்ணுக்கு உயர்ந்து வரும், கழுத்து இறங்க வேண்டியதில்லை. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி எதிர் மலையைப் பாருங்கள், கண்ணை நாலைந்து தடவை நன்றாக மூடித் திறங்கள், உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துபோகிறது, விறகுப் புகையும் சேர்ந்தால் கண் எரியத்தான் செய்யும்.

நூல் கோர்ப்பதற்கு: ஊசியின் காதுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள், ஓட்டை பளிச்சென்று தெரியும். ஒரு பக்கம் போகாவிட்டால் ஊசியைத் திருப்பிப் பாருங்கள், பல ஊசிகளில் காதின் ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கும். பூ வேலை நூலில் ஆறு இழை இருக்கும், இரண்டு அல்லது மூன்று இழையைப் பிரித்து எடுத்து, ஒரு முழத்துக்கு மேல் போகாமல் வெட்டுங்கள். நீள நூல் சிக்கும் என்பது தைக்கிற எல்லாருக்கும் தெரியும், நான் வேறொன்றுக்காகச் சொல்கிறேன்: நூல் நீளமாக இருந்தால் ஊசியை இழுக்கிற கை முகத்துக்கு மேலே வரை போகும், பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற பிள்ளையின் கண்ணும் அதே உயரத்தில்தான் இருக்கும். கண்ணில் ஊசி குத்திவிட்டால் கழுவாதீர்கள், கசக்காதீர்கள், தாய்ப்பால் விடாதீர்கள், ஊசி உள்ளே நின்றால் பிடுங்காதீர்கள். ஒரு பேப்பர் கப்பைக் கண்ணில் அழுத்தம் படாமல் கவிழ்த்து ஒட்டி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வெளியே காயம் புள்ளியளவு தெரிந்தாலும் காலைவரை காத்திருக்க வேண்டாம்.

அதே காரணத்துக்காக, பாதி தைத்த உறையில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டுப் படுக்காதீர்கள். நம் மலை ஈரத்தில் அது துரு பிடித்துத் துணியைக் கறையாக்கும், அதைவிட, வேலை முடிந்தது என்று நினைத்து யாராவது தலை வைத்துவிடுவார்கள். எண்ணி எடுத்து, எண்ணித் திருப்பி வையுங்கள்.

அலங்காரத்தைப் பற்றியும் ஒன்று. சின்னக் கண்ணாடித் துண்டு, மணி, ஜரிகை, சமிக்கி எல்லாம் சாய்ந்து உட்காருகிற குஷனுக்குப் போகட்டும். தூங்குகிற தலையணையில் முகம் புரளும், சமிக்கியின் ஓரம் கருவிழியில் கீறினால் அந்த வலி சாமானியமானது இல்லை. தூங்குவதற்கான உறையில் நடுப்பகுதியை வெறுமையாக விட்டு, ஓரத்தைச் சுற்றி மூன்று நாலு அங்குலத்துக்குள் நூல் வேலை மட்டும் செய்யுங்கள், வாய்ப்பக்கத்துக்கு பொத்தான் இல்லாமல் உள்ளே மடித்துவிடுகிற மடிப்பு வையுங்கள். ஒரு வயதாகாத பிள்ளைக்கு எவ்வளவு அழகாகத் தைத்தாலும் தலையணையே வேண்டாம், மூச்சு முட்டும் ஆபத்து உண்டு.

கடைசியாக இரண்டு பேரைப் பற்றி. சீனி வருத்தம் உள்ளவருக்குப் பார்வை ஒரு வாரம் தெளிவாகவும் மறு வாரம் மங்கலாகவும் இருந்தால் கண்ணாடியை மாற்றாதீர்கள், முதலில் சீனியைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையையும் காட்டுங்கள். இன்னொருவர், 60ஐத் தாண்டியவர், "இத்தனை வருஷமா கண்ணாடி போட்டேன், இப்ப கண்ணாடி இல்லாமலே நூல் கோர்க்கிறேன்" என்று சந்தோஷமாகச் சொல்கிறவர். வீட்டிலும் எல்லாரும் மெச்சுவார்கள். கண்புரை வளரும்போது வில்லையின் நடுப்பகுதி அடர்த்தியாகி, கிட்டப் பார்வை சில காலம் தெளிந்தது போலக் காட்டும், தூரப் பார்வை அதேநேரம் இறங்கிக்கொண்டிருக்கும். அவரைக் கட்டாயம் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். அரச வைத்தியசாலையில் அந்த அறுவை சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. முடிந்த பிறகு ஊசி வேலைக்குப் பெரும்பாலும் மறுபடி கண்ணாடி தேவைப்படும், அதன் அளவை நாலு ஆறு வாரம் கழித்துக் கண் ஆறியதும் எடுத்துக்கொள்ளலாம், அவசரப்பட்டு முன்னாலேயே எடுத்தால் அளவு மாறிவிடும்.