டிசம்பரிலேயே முடிந்துவிடும் மார்ச் மாதக் கணக்கு

2025 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதிக்கட்டப் போட்டிக்கு எஸ்.இ.சி என்ற ஒரே கான்ஃபரன்ஸிலிருந்து 14 அணிகள் தேர்வாயின. அதற்கு முன் எந்த கான்ஃபரன்ஸும் 11-ஐத் தாண்டியதில்லை, அதுவும் 2011-இல் பிக் ஈஸ்ட் வைத்திருந்த சாதனை. இதைப் பார்த்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “ஜனவரியிலிருந்து இந்த அணிகள் தங்களுக்குள்ளேயேதான் மோதிக்கொள்கின்றன. அப்படியிருக்க, இந்தக் கூட்டம் பலசாலி, அந்தக் கூட்டம் சோப்ளாங்கி என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?” கேள்வி சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறது.

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கான்ஃபரன்ஸ் என்பது கல்லூரிகள் சேர்ந்து அமைத்துக்கொண்ட கூட்டமைப்பு. முதல் பிரிவில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட அணிகள், 30-க்கும் மேற்பட்ட கான்ஃபரன்ஸ்கள். நவம்பர், டிசம்பரில் வெளி கான்ஃபரன்ஸ் அணிகளோடு ஆடுவார்கள், புத்தாண்டுக்குப் பிறகு ஏறக்குறைய எல்லாமே உள்ளுக்குள்தான். மார்ச்சில் 68 அணிகள், ஒரு தோல்வி என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்தப் போட்டியில் அணிகள் எத்தனை ஆட்டம் தாக்குப்பிடிக்கின்றன என்பதைப் பொறுத்து கான்ஃபரன்ஸுக்குப் பணம் வரும், ஆட்டத்துக்குச் சுமார் 20 லட்சம் டாலர், 6 ஆண்டுகளில் பிரித்துத் தருவார்கள். அதனால் “எந்த கான்ஃபரன்ஸ் எத்தனை வெற்றி பெறும்” என்பது பொழுதுபோக்குக் கேள்வி மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, கணிப்பு எங்கே தொடங்குகிறது? ஒவ்வொரு அணிக்கும் ஓர் எண் கொடுப்பதில். இரண்டு அணிகளின் எண்களைக் கழித்தால், அவை மோதும்போது எத்தனை புள்ளி வித்தியாசம் எதிர்பார்க்கலாம் என்பது கிடைக்க வேண்டும். நடந்து முடிந்த ஒவ்வோர் ஆட்டமும் ஒரு சமன்பாடு, சொந்த மைதானத்தின் அனுகூலத்தைக் கழித்துவிட்டு எழுதுவார்கள். ஒரு பருவத்தில் 5,000-க்கும் மேற்பட்ட சமன்பாடுகள் சேரும். எல்லாவற்றுக்கும் முடிந்தவரை பொருந்துகிற எண்களைக் கணினி கண்டுபிடித்துத் தரும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. கான்ஃபரன்ஸுக்குள் நடக்கும் ஆட்டத்தில் ஓர் அணி 9 புள்ளியில் ஜெயித்தால், அதே கான்ஃபரன்ஸின் இன்னோர் அணி 9 புள்ளியில் தோற்றிருக்கிறது. கூட்டினால் பூஜ்யம். இப்போது எஸ்.இ.சி-யின் 16 அணிகளின் எண்களிலும் ஒரு 10-ஐக் கூட்டிப் பாருங்கள். உள்ளுக்குள் நடந்த ஆட்டங்களின் சமன்பாடுகளில் ஒன்றுகூட உடையாது, ஏனென்றால் கழித்தால் வருகிற வித்தியாசம் அப்படியே இருக்கிறது! 10-க்குப் பதில் 50-ஐக் கூட்டினாலும் அப்படித்தான். ஆக, உள் ஆட்டங்கள் எத்தனை நூறு நடந்தாலும் அணிகளின் வரிசை மாறுமே தவிர, அந்த கான்ஃபரன்ஸ் மொத்தமாக மற்றவர்களைவிட உயரமா குட்டையா என்பதைப் பற்றி அவை நேரடியாக ஒன்றும் சொல்லாது. இரண்டு பள்ளிகள் தனித்தனியாக வினாத்தாள் தயாரித்துத் தேர்வு வைத்தால், இங்கே முதல் மதிப்பெண் வாங்கியவரையும் அங்கே முதல் மதிப்பெண் வாங்கியவரையும் ஒப்பிட வழியில்லை, இரண்டு தேர்வையும் எழுதிய சில மாணவர்களாவது வேண்டும். நவம்பர், டிசம்பர் ஆட்டங்கள்தான் அந்த மாணவர்கள்.

அந்த இணைப்பு எவ்வளவு உறுதியானது என்பதையும் கணக்குப் போடலாம். ஓர் ஆட்டத்தின் முடிவு எதிர்பார்ப்பிலிருந்து விலகும் அளவு, அதாவது திட்ட விலக்கம், சுமார் 11 புள்ளி. இரண்டு கான்ஃபரன்ஸ்களுக்கு இடையே 9 ஆட்டம் மட்டும் நடந்தால், 11-ஐ 9-இன் வர்க்கமூலமான 3-ஆல் வகுங்கள், பிழை கிட்டத்தட்ட 3.7 புள்ளி. 100 ஆட்டம் நடந்தால் 1.1 புள்ளிதான். 2024-25-இல் எஸ்.இ.சி அணிகள் வெளியாரோடு 208 ஆட்டங்கள் ஆடி 185-ஐ ஜெயித்தன. ஏ.சி.சி என்ற கான்ஃபரன்ஸோடு நடந்த நேருக்கு நேர் தொடரில் 14 வெற்றி, 2 தோல்வி. எதிரிகளில் பலர் பலவீனமான அணிகள்தான், ஆனாலும் கணிப்பாளர்கள் தெம்பாகப் பேச இது போதும். மார்ச்சில் என்ன ஆயிற்று? கடைசி 16-இல் 7 எஸ்.இ.சி அணிகள், அதுவும் ஒரு சாதனை. அரையிறுதியில் எஸ்.இ.சி-யின் ஃப்ளோரிடாவும் ஆபர்னும் மோதிக்கொண்டன, இறுதியில் ஃப்ளோரிடா ஹூஸ்டனை 65-63 என்று வென்று கோப்பையை எடுத்துச் சென்றது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் 2021. கொரோனாவால் பருவமே 2020 நவம்பர் 25-இல்தான் தொடங்கியது, ஓர் அணிக்கு அதிகபட்சம் 27 ஆட்டம் என்று வரம்பு, வெளி ஆட்டங்கள்தான் பெருமளவு வெட்டுப்பட்டன. இணைப்பு நூலிழையானது. பிக் டென் என்ற கான்ஃபரன்ஸிலிருந்து 9 அணிகள் போயின, கடைசி 16-ஐத் தொட்டது மிஷிகன் மட்டும். பேக்-12 என்ற கான்ஃபரன்ஸிலிருந்து 5 அணிகள் போய் 4 கடைசி 16-க்கும், 3 கடைசி 8-க்கும் வந்தன. தகுதிச்சுற்றிலேயே ஆட வேண்டியிருந்த யூ.சி.எல்.ஏ அரையிறுதி வரை போய், கோன்ஸாகாவிடம் கூடுதல் நேரத்தில் 93-90 என்று தோற்றது.

ஒரே கான்ஃபரன்ஸின் அணிகள் இப்படி மொத்தமாக எழுவதும் மொத்தமாக விழுவதும் ஏன்? எத்தனை வெற்றி எதிர்பார்க்கலாம் என்பது எளிய கணக்கு, ஒவ்வோர் அணியின் எதிர்பார்ப்பையும் கூட்டினால் போதும். எவ்வளவு தவறலாம் என்பதில்தான் சிக்கல். பேக்-12 போன்ற ஒரு கான்ஃபரன்ஸின் உயரத்தை 3 புள்ளி குறைத்து மதிப்பிட்டிருந்தால் அந்தப் பிழை அதன் 5 அணிகளின் எண்களிலும் ஒரே சமயத்தில் உட்கார்ந்திருக்கும். சரிபாதி என்று நாம் நினைத்த ஆட்டம் உண்மையில் 61 சதவீதம். மூன்று ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்க 12.5 சதவீதம் என்று போட்டது 22 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஒரு காசை 5 தடவை சுண்டுவது போல, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை என்று இதைக் கணக்கிட்ட கணிப்பு மாதிரிகள் 2021-ஐ நடக்கவே முடியாத அதிசயம் என்றுதான் சொல்லும். பிழையையும் சேர்த்துக் கணக்கிட்ட மாதிரி, அபூர்வம்தான், ஆனால் நடக்கக்கூடியது என்று சொல்லும். ஒரு நாக்-அவுட்டில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது, 2021 முழுவதையும் இந்தப் பிழையின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் அந்த ஆண்டில் பிழை பெரிதாக இருக்க இடம் இருந்தது என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம்.

பிக் டென்னுக்கு ஏதோ சாபம் என்ற பேச்சு எனக்கு எரிச்சல் தருவது இதனால்தான். 2000-இல் மிஷிகன் ஸ்டேட் வென்றபின் 2025 வரை பிக் டென் அணி எதுவும் கோப்பையைத் தொடவில்லை, 8 இறுதி ஆட்டங்களில் தோற்றிருக்கிறார்கள். காசு சுண்டினால் 256-இல் ஒரு வாய்ப்பு, உடனே சாபம் என்கிறார்கள். ஆனால் 2009-இல் நார்த் கரோலைனா, 2018-இல் வில்லனோவா, 2024-இல் யூகான் என்று எதிரே நின்றவர்கள் சாதாரண அணிகளா? ஒவ்வோர் இறுதியிலும் பிக் டென்னுக்கு 35 சதவீத வாய்ப்பு என்று வைத்தாலே 8 தோல்விக்கான வாய்ப்பு 100-இல் 3-க்கு வந்துவிடும். 30 கான்ஃபரன்ஸ்களை இத்தனை ஆண்டுகளாகப் பார்க்கிறோம், எங்காவது ஒன்றில் இப்படி நடக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜோடி ஜோடியாக ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் கணிதத்துக்கு பிராட்லி, டெரி என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1952-இல் வடிவம் கொடுத்தார்கள், இன்று செயற்கை நுண்ணறிவு உரையாடிகளை வரிசைப்படுத்தவும் அதையேதான் எடுக்கிறார்கள். விளையாட்டுக் கணக்குதானே என்று இத்தகைய ஆய்வுக்குக் காசு கொடுக்க முகம் சுளிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு சுத்தமான தரவு, வெற்றி தோல்வி சந்தேகமில்லாமல் தெரிகிற தரவு, வேறு எங்கே கிடைக்கும்?

வெளி ஆட்டங்களின் மதிப்பைச் சில கான்ஃபரன்ஸ்களாவது புரிந்துகொண்டுவிட்டன என்றுதான் தோன்றுகிறது. 2021-இல் எல்லோரையும் வாயடைக்க வைத்த பேக்-12 2024-இல் இரண்டு அணிகளாகச் சுருங்கியது, அதன் அணிகளில் நான்கு அப்போது பிக் டென்னுக்கே போய் அதை 18 ஆக்கின. பிக் டென் 2025-26-இலும் ஓர் அணிக்கு 20 உள் ஆட்டம் வைத்தது. 18 அணிகள் கொண்ட ஏ.சி.சி 2025-26-இலிருந்து அதை 20-இலிருந்து 18 ஆகக் குறைத்திருக்கிறது. அணிக்கு இரண்டு என்று பார்த்தால், வெளியாரோடு ஆட 36 இடங்கள் புதிதாகக் கிடைக்கின்றன. அவற்றை வலுவான எதிரிகளோடு ஆடினால் இணைப்பு இறுகும், அதே ஆட்டங்களில் தோற்றால் அந்தத் தோல்வியும் 18 அணிகளின் கணக்கிலும் மார்ச் வரை கூடவே வரும்.