பங்குனிக்கு முன் மண்ணை மூடுங்கள்

பொங்கல் முடிந்து ஒரு வாரம் போனால், உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை காலை வேளையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை புகை எழும். மாரி முழுவதும் நனைந்து கிடந்த வேம்பு, பூவரசு, மா இலைகளைக் கூட்டிக் குவித்துத் தீ வைப்பார்கள். விவசாயப் போதனாசிரியராகத் திருகோணமலை மாவட்டத்தில் வேலை செய்யும் நான் அந்தப் புகையைக் கண்டால் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் போவதில்லை. அந்த வருடத் தோட்டத்துக்குரிய பசளையும் ஈரமும் அந்தக் குவியலோடு போகின்றன.

முற்றம் துப்புரவாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் தவறில்லை. பாம்பு, தேள் பயமும் நியாயமானதே. வாசலையும் நடைபாதையையும் நன்றாகக் கூட்டுங்கள். கூட்டியதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள் என்றுதான் கேட்கிறேன்.

திருகோணமலைக்கு ஆண்டில் ஏறத்தாழ 1600 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு பங்குனி வெயில். வைகாசி தொடங்கினால் ஈரத்தை உறிஞ்சும் கச்சான் காற்று. மூதூர், கிண்ணியாப் பக்கத்து ஆற்று வண்டல் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கரையோர மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்காது. உக்கிய இலைதான் அங்கே நீரையும் சத்தையும் பிடித்து வைக்கிறது. ஆகவே தை முடிவதற்குள், மண் ஈரமாக இருக்கும்போதே, பாத்தியின் மேல் மூன்று அங்குலத் தடிப்பில் இலைகளைப் பரப்புங்கள். செடியின் அடித்தண்டைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டுவிடுங்கள். தண்டோடு ஒட்டினால் அழுகும். தென்னை, மா, எலுமிச்சை அடியில் பொச்சுமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கிப் புதைக்கலாம். மரத்தூளை மட்டும் பச்சையாக மண்ணோடு கலக்காதீர்கள். அது உக்கும்போது பயிருக்குரிய நைதரசனை இழுத்துக்கொள்ளும். எஞ்சிய இலைகளை மாட்டெருவோடும் வேலியில் வெட்டிய கிளிரிசிடியாக் குழையோடும் அடுக்கிவைத்தால் கூட்டெருவாகும். சித்திரையில் இதைத் தொடங்கினால் இலை காய்ந்து பறக்கும். மழை ஈரம் இருக்கும் இப்போதுதான் உக்கும்.

கிணற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிலாவெளியில் ஓர் அக்காவின் மிளகாய்ச் செடிகள் ஒரு மாசியில் இலை விளிம்பு கருகி நின்றன. "பசளை போதவில்லை போலிருக்கிறது சேர், யூரியா இன்னும் கொஞ்சம் போட்டேன்" என்றார். கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. காலையில் போடும் மோட்டரைத் தண்ணீர் அடிவரை இறங்கும் வரை நிறுத்துவதில்லை என்று பிறகு சொன்னார். உப்பால் வாடிய செடிக்கு யூரியா இட்டது, உப்பின் மேல் உப்பு சேர்த்தது போல ஆகியிருந்தது.

கரையோரத்தில் நன்னீர், கனமான கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடிக்கு நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு அது உவரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. அப்படியானால் கிணற்று மட்டம் ஓர் அடி தாழும்போது அடியிலிருக்கும் உவர் எவ்வளவு மேலேறும் என்று எண்ணிப் பாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் கிணறுகளைத் துப்புரவாக்கத் திரும்பத் திரும்ப இறைத்தபோது, சில இடங்களில் உவர் கூடியதற்கும் இதுவே காரணம். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் இறையுங்கள். தொட்டியில் சேர்த்து வைத்துப் பூவாளியால் ஊற்றுங்கள். தொட்டியை இறுக மூடிவையுங்கள். அந்த அக்கா அப்படித்தான் மாற்றிக்கொண்டார். புதிய தளிர் கருகாமல் வரச் சில வாரங்கள் பிடித்தன.

மிளகாய், கத்தரி நாற்று மேடைக்கு நம் வெயிலே மருந்து. மேடையை நனைத்து, தெளிந்த பொலித்தீனால் ஓரங்களில் காற்றுப் புகாமல் மூடி, நல்ல வெயிலில் இரண்டு மூன்று வாரம் விட்டால் நாற்றழுகல் பூஞ்சணமும் களை விதைகளும் பெருமளவு மடியும். விதை போட்டு நான்கு வாரமளவில் மாலை நேரத்தில் நடுங்கள். ஒரு வாரத்துக்குக் கிடுகுத் துண்டால் நிழல் கொடுங்கள். பயற்றை, வெண்டி போன்றவற்றை நேரடியாகவே விதைக்கலாம். மாமரம் இப்போது பூத்திருக்கும். அதில் கத்தி வைக்க வேண்டாம், காய் பறித்த பிறகு கிளை வெட்டலாம்.

நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு மான் தொல்லை உண்டு. பிரெட்ரிக் கோட்டைப் பக்கமிருந்து வரும் புள்ளிமான்கள் இளங்குருத்தை ஓர் இரவில் மேய்ந்துவிடும். அதற்காகப் பழைய மீன்வலையைத் தொய்வாகக் கட்டாதீர்கள். கொம்பில் வலை சிக்கித் தலையை உதறிக்கொண்டு நின்ற ஒரு மானை நான் பார்த்திருக்கிறேன். அதை விடுவிக்க நாங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. தடிகளை நெருக்கமாக நட்டு வேலி கட்டுங்கள், அல்லது கம்பிவலையை இழுத்து விறைப்பாகக் கட்டுங்கள்.

தோட்டத்தைத் தயார் செய்யும்போதே நுளம்பையும் பார்த்துவிடுங்கள். 2017இல் கிண்ணியா டெங்கினால் பட்ட துன்பத்தை நாம் மறக்க முடியாது. சிரட்டை, தகரப்பேணி, பூச்சாடித் தட்டு, பொலித்தீன் மடிப்பு எதில் நீர் நின்றாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் முட்டை நுளம்பாகிவிடும். வாரத்தில் ஒரு நாள், பல வீடுகளில் அது வெள்ளிக்கிழமை, முற்றம் கூட்டுகிற கையோடு அத்தனையையும் கவிழ்த்துவிட்டு, கூட்டிய இலைகளைப் பாத்திக்கு அள்ளிக்கொண்டு போங்கள்.