நடைபாதை ஓரத்துக் கற்பூரவல்லி பஜ்ஜிக்கு ஆகுமா?

அடுக்குமாடிக் குடியிருப்பின் நடைபாதை ஓரத்தில் அழகுக்காகப் படரவிட்ட செடி. தடித்த இலை, வெள்ளை விளிம்பு, கசக்கினால் கற்பூரவல்லி மணம். "இதில் பஜ்ஜி போடலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கற்பூரவல்லிதான் என்று உறுதியானால் போடலாம், ஒரு நிபந்தனையோடு. வெள்ளை விளிம்பு நஞ்சல்ல. அங்கே பச்சையம் இல்லை, அவ்வளவுதான்.

அந்த மணம் எங்கே இருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த கதை. இலையை ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். மேலெல்லாம் பூனைமயிர். அவற்றுக்கிடையே மிகச் சிறிய சுரப்பிகள். அவற்றின் செல்கள் எண்ணெயைத் தயாரிக்கின்றன, ஆனால் உள்ளே வைத்துக்கொள்வதில்லை. செல்சுவருக்கும் அதன் மேலிருக்கும் மெழுகுத்தோலுக்கும் நடுவே தள்ளிவிடுகின்றன. தோல் கொப்புளம்போல உப்பிக்கொள்கிறது. காரணம் இருக்கிறது. எண்ணெயில் உள்ள கார்வக்ரால், தைமால் இரண்டும் செல்சவ்வைச் சிதைப்பவை. பாக்டீரியாவைக் கொல்லும் சரக்கு தன்னையும் கொல்லும் என்பதால் செடி அதை வெளியே பூட்டி வைக்கிறது. விரல் பட்டதும் கொப்புளம் உடைகிறது, மணம் எழுகிறது.

இரண்டுக்கும் வாய்பாடு ஒன்றே: C₁₀H₁₄O. வளையத்தில் ஆக்சிஜன் ஒட்டியிருக்கும் இடம் மட்டும் வேறு. தைமால்தான் ஓமத்தின் மணம். ஓமமோ கொத்தமல்லிக் குடும்பம், இது துளசிக் குடும்பம்! மூக்கை மட்டும் நம்பி இதற்கு 'ஓமவல்லி' என்று பெயர் வைத்தவர்களை நான் வணங்குகிறேன். தோலிலும் வாயிலும் இதமான சூட்டை உணரும் டி.ஆர்.பி.வி.3 என்ற புரதத்தை இந்த மூலக்கூறுகள் தூண்டுகின்றன. கஷாயம் ஆறிய பிறகும் தொண்டை கதகதப்பது அதனால்தான்.

இவை நீரில் அரிதாகவே கரையும், எண்ணெயில் நன்றாகக் கரையும். ரசத்தில் போட்டுக் கொதிக்கவிட்டால் ஆவியோடு போய்விடும். கடைசியில் கிள்ளிப் போடுங்கள். பஜ்ஜியில் மாவு உறை மணத்தைப் பிடித்துவைக்கிறது.

"வாசனை இலையில் விஷம் இருக்காது" என்பார்கள். தவறு. உண்ணிச்செடியின் இலையும் கசக்கினால் மணக்கும். அதை மேய்ந்த மாட்டின் ஈரல் கெடும். ஒவ்வொரு செடியையும் பெயர் தெரிந்துதான் வாயில் வைக்க வேண்டும்.

இப்போது அந்த நிபந்தனை. அழகுச் செடிகளுக்கு இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் பூச்சிக்கொல்லிகளை அடிப்பதுண்டு. வேர் உறிஞ்ச, சாற்றோடு ஏறி அது இலைக்குள்ளேயே தங்கும். மஞ்சள் நீரில் அலசினாலும் போகாது. நர்சரித் தொட்டிகளில் என்ன மருந்து, எப்போது அடித்தது என்று எழுதி ஒட்டுவதைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை ஒரு வழி: அங்கிருந்து ஒரு கணுத்தண்டை ஒடித்து, சுத்தமான மண்ணில் ஊன்றுங்கள். கொண்டுவந்த இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, செடி நன்றாகப் படர்ந்தபின் புதிதாகத் துளிர்த்தவற்றை மட்டும் பறியுங்கள்.