ஜிபிஎஸ் ‘புவியிடங்காட்டி’ ஆனது எப்படி?

‘ரஷ்யாவின் புவியிடங்காட்டி க்ளோனாஸ்’, ‘சீனப் புவியிடங்காட்டி பெய்டோ’. இடம் அறிய உதவும் செயற்கைக்கோள் முறைமை எதுவானாலும் மொழிபெயர்ப்புகளில் ‘புவியிடங்காட்டி’ என்றே எழுதுகிறார்கள்; இதற்கு முடிவே இல்லை போலிருக்கிறது.

ஜிபிஎஸ் (குளோபல் பொசிஷனிங் சிஸ்டம்) என்பது அமெரிக்க முறைமையின் இடுபெயர். அதன் முதல் செயற்கைக்கோள் 1978இல் ஏறியது. க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, பெய்டோ அதன் போட்டியாளர்கள்.

என் சண்டை ‘காட்டி’யோடுதான். செயற்கைக்கோள் யாருக்கும் எந்த இடத்தையும் காட்டுவதில்லை. தன் கடிகார நேரத்தையும் பாதை விவரத்தையும் ஓயாமல் அனுப்புகிறது, அவ்வளவுதான். குறைந்தது நான்கு கோள்களின் சமிக்ஞையை வாங்கிக் கணக்குப் போடுவது கையிலுள்ள கருவி. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகிய மூன்றுக்கு எதற்கு நான்கு கோள்? கருவியின் மலிவான கடிகாரம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்பதையும் கண்டுபிடித்தாக வேண்டும். அதில் ஒரு மைக்ரோ விநாடி விட்டுப்போனால் தொலைவில் 300 மீட்டர் போச்சு. ஆக, கருவியை இடங்காட்டி எனலாம். மேலே சுற்றும் கோள்களுக்கும் அதே பெயரைச் சூட்டுவது, ‘செயற்கைக்கோள் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது’ என்ற நம்பிக்கைக்குத் தீனி.

‘புவி’யும் கோணல். மூலத்தின் ‘குளோபல்’ உலகெங்கும் என்ற வீச்சைச் சொல்கிறது. இந்தியாவின் நாவிக் வட்டார முறைமை. இந்தியாவும் எல்லைக்கு வெளியே சுமார் 1500 கி.மீ.யும் அதன் இலக்கு. அதையும் புவியிடங்காட்டி என்றால் அந்த வேறுபாடே கரைந்துபோகிறது.

சிலர் எழுதும் ‘வழிகாட்டி அமைப்பு’ இன்னும் மோசம். ‘இடப்பக்கம் திரும்பு’ என்பது வரைபடச் செயலியின் வேலை. ‘ரஷ்ய அமைப்பு’ என்று தலைப்பில் கண்டால் ஏதோ சங்கம் என்றுதான் தோன்றும்.

பொதுப்பெயராக ‘செயற்கைக்கோள் இடமறி முறைமை’ என்போம். அறிவது கருவி, உதவுவது கோள். முன்னால் உலகளாவிய, வட்டார என்று தேவைப்படி சேர்க்கலாம். ஜிபிஎஸ்ஸை ஜிபிஎஸ் என்றே விடுங்கள்; இடுபெயரை யாராவது மொழிபெயர்ப்பார்களா?

ஒப்பிட்டு எழுதும்போதுதான் வினை முற்றுகிறது. ஜிபிஎஸ் நேரம் 1980 ஜனவரி 6இல் தொடங்கியது. பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலகப் பொது நேரத்தில் அவ்வப்போது கூட்டும் லீப் விநாடியை அது சேர்ப்பதில்லை. 2017 முதல் அந்தப் பொது நேரத்தைவிட 18 விநாடி முந்தி நிற்கிறது. க்ளோனாஸ் லீப் விநாடியைச் சேர்த்துக்கொள்கிறது. 2006இல் தொடங்கிய பெய்டோ நேரம் ஜிபிஎஸ்ஸுக்கு 14 விநாடி பின்னால். இவை எல்லாவற்றையும் ‘புவியிடங்காட்டி நேரம்’ என்று பெயர்த்தால், எதன் நேரத்தைச் சொல்கிறார் மொழிபெயர்ப்பாளர்?