கிட்டாரைக் கீழே வைத்த பிறகு கை என்ன கற்கிறது?

ஓசூர் சிப்காட் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் முப்பது, நாற்பது வயதில் கிட்டார் கற்கத் தொடங்கினால், முதல் சிக்கல் விரலில் வருவதில்லை, ஷிப்டில் வருகிறது. இந்த வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்து நைட். "தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அரை மணி நேரம்" என்று யூடியூப் வாத்தியார்கள் போட்டுத் தரும் அட்டவணை இங்கே இரண்டாவது வாரமே படுத்துவிடும். அப்புறம் பலரும் செய்வது, வார நாட்களை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணி நேரம் உட்கார்ந்து மொத்தமாக அடித்துத் தீர்ப்பது.

கணக்கு என்னவோ சரிதான். தினம் 30 நிமிடம் என்றாலும் வாரத்துக்கு அதே மூன்றரை மணி நேரம்தான் வரும். கைதான் இந்தக் கணக்குக்கு ஒத்துவராது.

1970களில் பிரிட்டிஷ் தபால் துறை தன் ஊழியர்களுக்குத் தட்டச்சு பழக்க வேண்டியிருந்தது. ஆலன் பேட்லி, லாங்மன் என்ற இரு ஆய்வாளர்கள் அவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளைக்கு ஒரே ஒரு மணி நேரம். இன்னொரு கோடியில் இருந்த குழுவுக்கு இரண்டு மணி நேரமாக இரண்டு வேளை, ஆக நான்கு மணி நேரம். 1978இல் வெளியான முடிவின்படி, ஒரு மணி நேரக் குழுவுக்கு விசைப்பலகை பிடிபடத் தேவைப்பட்ட மொத்த நேரம் மற்றவர்களைவிடக் குறைவு. வேடிக்கை என்னவென்றால், தங்கள் பயிற்சி முறை பற்றி அதிகம் குறைப்பட்டுக்கொண்டதும் அதே குழுதான். நாள்கணக்கில் பார்த்தால் மற்றவர்கள் முன்னே போய்க்கொண்டிருந்தார்கள் அல்லவா!

ஏன் இப்படி? ஜி கார்டிலிருந்து சி-க்கு மாறுவது விரலின் வேலை என்று நினைக்கிறோம் (கார்டு என்பது பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கக் கம்பிகளை அழுத்தும் ஒரு பிடி). உண்மையில் விரலுக்குள் அதை மடக்குகிற தசையே கிடையாது. அந்தத் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. நீளமான தசைநாண்கள்தான் அங்கிருந்து விரலை இழுக்கின்றன. எந்தத் தசை எப்போது, எவ்வளவு இழுக்க வேண்டும் என்ற வரிசையை அமைப்பது மூளை. அதன் மேற்பரப்பில் உள்ள இயக்கப் பகுதி, பின்னால் இருக்கும் சிறுமூளை, ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது. பயிற்சியின்போது இந்த வரிசை ஒரு மாதிரியாகத்தான் பதிகிறது, எளிதில் கலைந்தும் விடும். நரம்புச் செல்களுக்கு இடையிலான இணைப்புகள் உறுதிப்படுவதற்குப் புதுப் புரதங்கள் உருவாக வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் ஆகும். கான்கிரீட் கொட்டுவது ஒரு மணி நேர வேலை, அது இறுகுவது நாட்கணக்கில் நடக்கும் வேலை என்பது போலத்தான் இதுவும். ஞாயிறு மட்டும் வாசிப்பவருக்கு வாரத்தில் ஒரு தடவைதான் இறுகும் வாய்ப்பு. தினம் வாசிப்பவருக்கு ஏழு தடவை.

அந்த இறுகலில் பெரும்பங்கு தூக்கத்தில் நடக்கிறது. 2002இல் மேத்யூ வாக்கர் குழுவினர் விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழக்கிச் சோதித்தார்கள். இரவு தூங்கி எழுந்தவர்களின் வேகம், கூடுதல் பயிற்சி எதுவும் இல்லாமலேயே சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களுக்குச் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. நைட் ஷிப்ட்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட வேண்டாம். அதே ஆண்டு ஜெர்மனியில் யான் போர்ன் குழு நடத்திய ஆய்வில், இரவில் தூங்கினாலும் பகலில் தூங்கினாலும் விரல் திறமைக்குப் பலன் கிடைப்பதைக் கண்டார்கள். ஆகவே காலையில் வேலை முடிந்து வந்து, படுப்பதற்கு முன் பதினைந்து நிமிடம் வாசிப்பது மோசமான திட்டம் ஒன்றும் இல்லை. கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வராமலிருக்க, கம்பிகளுக்கு அடியில், அவை பெட்டியின் மேல் முடியும் பிரிட்ஜ் ஓரமாக, ஒரு துணியைச் சொருகினால் சத்தம் அமுங்கிவிடும். கார்டு மாற்றிப் பழக அது போதும்.

தூக்கம் வரைகூடப் போக வேண்டாம், சில நொடி ஓய்விலேயே ஏதோ நடக்கிறது என்கிறார்கள் சிலர். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் 10 நொடி விரல் தட்டல், 10 நொடி ஓய்வு என்று மாற்றி மாற்றிச் செய்ய வைத்தார்கள். ஆரம்பக் கட்டத்தில் வேகம் கூடியது தட்டும்போது அல்ல, ஓய்வு முடிந்து கை திரும்பும்போதுதான். 2021இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில், அந்த ஓய்வு நேரத்தில் மூளை அதே வரிசையைச் சுமார் 20 மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னார்கள். "அது கற்றல் இல்லை, களைப்பு தீர்ந்ததால் வந்த வேகம்" என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. என்னைக் கேட்டால், களைத்த கை தப்பாக அழுத்திப் பழகாமல் இருக்கவாவது அந்தச் சிறு இடைவெளி நல்லது.

சரி, தினம் ஒரு இருபது நிமிடம் கிடைக்கிறது என்றால், அதில் என்ன வாசிப்பது? ஒரே கார்டு மாற்றத்தை இருபது நிமிடமும் திரும்பத் திரும்ப அடித்தால், முடிக்கும்போது பிரமாதமாக வந்துவிட்டது போல இருக்கும். மறுநாள் எடுத்தால் பாதி காணாமல் போயிருக்கும். 1979இல் ஷே, மார்கன் இருவரும் கை அசைவுகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது என்று பழகியவர்கள் பயிற்சியின்போது வேகமாகச் செய்தார்கள். மூன்று வகை அசைவுகளைக் கலந்து கலந்து பழகியவர்கள் அப்போது தடுமாறினார்கள், பத்து நாள் கழித்து நடந்த சோதனையில் முந்திவிட்டார்கள். கலந்து செய்யும்போது ஒவ்வொரு தடவையும் மூளை அந்த அசைவை முதலிலிருந்து திரட்ட வேண்டியிருக்கிறது. சிரமமும் அதனால்தான், பலனும் அதனால்தான். எனவே கார்டு மாற்றம் கொஞ்சம், மெட்ரோநோம் (தாளம் தட்டும் கருவி) வைத்து ஸ்ட்ரம்மிங், அதாவது கம்பிகளை மொத்தமாக வருடி வாசிப்பது, கொஞ்சம், ஒரு பாட்டின் சரணம் கொஞ்சம், பிறகு மறுபடியும் கார்டு மாற்றம் என்று சுற்றி வரலாம். புத்தம் புதிதாக ஒரு கார்டைப் பிடிக்கும் முதல் நாளில் மட்டும் இதற்கு விலக்கு. அன்றைக்கு அதையே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருப்பதில் தப்பில்லை.

விரல் நுனித் தோலும் 'தினம் கொஞ்சம்' பக்கம்தான் சாய்கிறது. இரும்புக் கம்பி போட்ட அக்குஸ்டிக் கிட்டாரில் ஆறு கம்பிகளின் மொத்த இழுவிசை சுமார் 70 கிலோ எடைக்குச் சமம். அழுத்தமும் உரசலும் அடிக்கடி கிடைத்தால் தோலின் மேலடுக்கு சில வாரங்களில் தடிக்கும். ஒரே நாளில் மணிக்கணக்காக உரசினால் கொப்புளம்தான் மிச்சம், புதன்கிழமை வரை வலிக்கும். ஃப்ரெட்டுக்கு (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஒட்டிப் பின்னால் அழுத்தினால் குறைந்த பலமே போதும். பெங்களூரிலிருந்து மலிவாக வாங்கி வந்த கிட்டாரில் கம்பி ரொம்ப உயரமாக நின்றால், உங்கள் விரலைத் திட்டுவதற்கு முன் கிட்டாரை ஒருமுறை சரிசெய்யக் கொடுங்கள்.

இனி ஷிப்டுக்கு வருவோம். பழக்கம் கடிகாரத்தோடுதான் ஒட்ட வேண்டும் என்றில்லை, ஒரு நிகழ்ச்சியோடும் ஒட்டும். வேலை முடிந்து வந்து, குளித்து, காபி டம்ளரைக் கீழே வைத்ததும் கிட்டார் என்று வைத்துக்கொண்டால், அந்த டம்ளர் கீழே வருவது காலை ஏழு மணியா, சாயங்காலம் நாலு மணியா என்பது மூளைக்குப் பொருட்டில்லை. கிட்டார் உறைக்குள் ஜிப் போட்டு பீரோ மேலே இருந்தால் மட்டும் இது நடக்காது. கைக்கெட்டும் சுவரில் தொங்கட்டும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு 96 பேரைக் கவனித்தது. புதுப் பழக்கம் தானாக வரும் நிலைக்கு நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் இது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் தெரியவில்லை.

வயதைப் பற்றிய கவலையும் முழுப் பொய்யில்லை. 1995இல் தாமஸ் எல்பர்ட் குழு தந்தி வாத்தியக்காரர்களின் மூளையை அளந்தபோது, இடக்கை விரல்களுக்கான பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. சிறுவயதில் தொடங்கியவர்களுக்கு இன்னும் பெரிது. அதற்காகக் கதவு சாத்தப்பட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. வளர்ந்த எலிகள் புது அசைவைக் கற்கும்போதும் நரம்பிழைகளின் மேல் மயலின் உறை புதிதாக உருவாகிறது, அதைத் தடுத்தால் கற்பது தடுமாறுகிறது என்று 2014இல் காட்டியிருக்கிறார்கள்.

முன்னேற்றத்தை அளக்க நினைப்பவர்கள் பயிற்சியின் கடைசி வாசிப்பைப் பதிவு செய்ய வேண்டாம், அது சூடேறிய கை. கிட்டாரை எடுத்து ட்யூன் செய்ததும் வாசிக்கும் முதல் தடவையை ஃபோனில் பதிவு செய்து, இரண்டு வாரத்துக்கு முந்தைய பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.