நல்ல வெயிலில் நிற்கும் சோலார்: அந்த யூனிட்டுக்கு யார் காசு தருவது?

"சார், வெயில் சுள்ளென்று அடிக்கும்போதுதான் நின்றுபோகிறது." மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் மாடியில் சோலார் போட்டவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் புகார் இது. பேனலில் பழுது இருக்காது. ஞாயிறு மதியம், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் திரையைப் பார்த்தால் 'கிரிட் ஓவர் வோல்டேஜ்' (மின்வாரிய லைனில் வோல்டேஜ் அதிகம்) என்று இருக்கும், பக்கத்திலேயே 254 வோல்ட்.

தெருவில் நாலைந்து வீடுகள் ஒரே நேரத்தில் மின்சாரத்தை வெளியே தள்ளுகின்றன, வாங்க ஆளில்லை. ஓட்டம் டிரான்ஸ்பார்மரை நோக்கித் திரும்பினால் வீட்டுப் பக்கம் வோல்டேஜ் ஏறும். 230-இல் 110 சதவீதம், அதாவது 253 வோல்ட்டைத் தாண்டினால் இரண்டு நொடிக்குள் இன்வெர்ட்டர் விலக வேண்டும் என்கிறது மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதிமுறை. டிரான்ஸ்பார்மரை ஒட்டிய வீட்டுக்காரர் பெரும்பாலும் தப்பிவிடுவார். லைனின் கடைசி வீட்டுக்காரர்தான் மாட்டுவார்.

நின்றுவிடாமலே வோல்டேஜைக் கொஞ்சம் இறக்க இன்றைய இன்வெர்ட்டர்களால் முடியும். கிரிட்டிலிருந்து ரியாக்டிவ் பவரை இழுத்துக்கொண்டால் போதும். வேலை எதுவும் செய்யாமல் லைனில் போய்வந்துகொண்டிருக்கும் மின்சாரம் அது; இழுத்தால் வோல்டேஜ் இறங்கும், கொடுத்தால் ஏறும். ஆனால் சும்மா இல்லை. மொத்தத் திறன் 5 கேவிஏ உள்ள இன்வெர்ட்டரை 0.9 பவர் ஃபேக்டரில் (அதாவது திறனில் 90 சதவீதம் மட்டும் பயன்படும் மின்சாரமாக) ஓட்டினால் சுமார் 2.2 கேவிஏஆர் ரியாக்டிவ் பவர் இழுக்கும், ஆனால் உச்சி வெயில் உற்பத்தி 4.5 கிலோவாட்டோடு நின்றுவிடும். அந்த அரை கிலோவாட் நஷ்டம் உரிமையாளருக்கு, பலன் தெருவுக்கு. (தெருக் கேபிள்களில் ரெசிஸ்டன்ஸ் அதிகம் என்பதால் பலனும் ஓரளவுதான். உங்கள் வீட்டு கேபிள் மெலிசாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.)

ரியாக்டிவ் பவருக்கு விலை வைப்பது புதிதல்ல. பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே போனால் பெரிய தொழிற்சாலை கூடுதல் கட்டணம் கட்டுகிறது. நம் காற்றாலைகள் இழுப்பதற்கும் கட்டணம் உண்டு. மாநிலங்களுக்கு இடையிலான கிரிட்டில், வோல்டேஜ் 103 சதவீதத்தைத் தாண்டும்போது இழுத்துக்கொள்ளும் மாநிலத்துக்குப் பணமே தருகிறார்கள். கணக்குப் போடத் தெரியாமல் இல்லை, வீட்டு மீட்டர் வரை அது இறங்கி வரவில்லை.

வீடுகளுக்கு கேவிஏஆர் கணக்கெல்லாம் தலைவலி. இன்வெர்ட்டர் எப்போது நின்றது, எப்போது குறைத்தது என்று அதிலேயே பதிவு இருக்கிறது. அதே நேரத்தில் அடுத்த தெரு சோலார் எவ்வளவு தந்தது என்று ஒப்பிட்டு, இழந்த யூனிட்டை பில்லில் வரவு வைத்தால் போதும் என்பேன். ஓஎம்ஆர் ஐடி வளாகங்களின் பெரிய கூரைகள் கதை வேறு. சில இன்வெர்ட்டர்கள் இரவிலும் ரியாக்டிவ் பவர் கொடுக்கும். ஏசி ஓடி வோல்டேஜ் படுத்துவிடும் மே மாத ராத்திரிக்கு அது கைகொடுக்கும். அப்படித் தயாராக இருப்பதற்கே மாதம் ஒரு தொகை தரலாம்.

அதுவரைக்கும், தயவுசெய்து வோல்டேஜ் வரம்பை ஏற்றி வைக்கச் சொல்லாதீர்கள். 265, 270 என்று செட் பண்ணிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். யூனிட் வரும், அப்புறம் ஃபிரிட்ஜ் போர்டு போகும், பக்கத்து வீட்டினுடையதும் சேர்த்து. இன்வெர்ட்டர் ஆப்பிலிருந்து வோல்டேஜ் பதிவை எடுத்து, மின்வாரிய செக்‌ஷன் ஆபீஸில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள். டிரான்ஸ்பார்மர் டேப்பை (வெளிவரும் வோல்டேஜை மாற்றும் அமைப்பு) இறக்கினால் ராத்திரி லோ வோல்டேஜ் வரும் என்று அவர் சொன்னால் அதுவும் நியாயம்தான். அப்போது உங்கள் வீட்டு இணைப்பை லைனின் வேறு ஃபேஸுக்கு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள்.